பதின்மூன்றாம் செவ்வாய்

சரிவுப் பலகையில் ஏறும்போது சக்கர நாற்காலியின் முன்சக்கரம் ஒருதரம் முரண்டு பிடித்தது. எமரென்சியாவுக்கு அதிலேயே ஒரு நப்பாசை. ஏறாமலே போகட்டுமே, கரண்டு போகட்டுமே, பங்குச்சாமியாருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளட்டுமே, இன்றைக்கு ஒருநாள் மட்டும் நவநாள் ஜெபம் இல்லையென்று ஆகிவிடட்டுமே. பக்கத்து வீட்டுத் தெரசித்தா மைனி சும்மா இருப்பாளா? "தள்ளு எமரி, நானும் ஒரு கை போடுதேன்" என்று வந்து ஒரே உந்தில் நாற்காலியைக் கோயிலுக்குள் ஏற்றிவிட்டாள். நாற்காலியில் எமரென்சியாவின் புருஷன் கஸ்பார். மகள் ஜெனோ தன் ஏழுமாத வயிற்றோடு குனிந்து போட்டுவிட்ட வெள்ளைச் சட்டை, வகிடெடுத்துச் சீவிவிட்ட தலை, வலதுபக்கம் தொங்கிப்போன வாய், எச்சில் துடைக்க மடியில் ஒரு கைக்குட்டை. முன்வரிசையில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஊரே வந்திருந்தது. ஏன் வராது? புனித அந்தோனியாரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதின்மூன்று செவ்வாய்க்கிழமை ஒன்றுகூட விடாமல் வந்தால் பதின்மூன்றாவதில் மனுஷன் கொடுத்தே தீருவார் என்பது இந்தக் கடற்கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இன்றைக்குப் பதின்மூன்று. பக்கவாதம் வந்து எட்டு மாதமாய்ப் பேச்சில்லாமல் கிடக்கிற கஸ்பாருக்குப் பேச்சு வரவேண்டும், அதுதான் கேட்டது. ஜெனோ கேட்டாள், தெரசித்தா மைனி கேட்டாள், ஊர் கேட்டது. எமரென்சியா மட்டும் கேட்கவில்லை. பன்னிரண்டு செவ்வாயும் இதே முன்வரிசையில் முழந்தாளில் நின்று, உதட்டால் ஒன்றும் நெஞ்சால் இன்னொன்றும் கேட்டாள். அவிய பேசிரக் கூடாது, அந்தோனியாரே. அவிய வாயத் தொறந்திரக் கூடாது.

மன்றாட்டு மாலை தொடங்கிவிட்டது. கோடி அற்புதரே என்று உபதேசியார் இழுக்க, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று இருநூறு தொண்டை பின்னால் வர, அவள் வாயும் தன்பாட்டுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. வாய்க்கென்ன, முப்பது வருஷமாய்ச் சொல்லிப் பழகின வாய், ஆளில்லாவிட்டாலும் அதுவே சொல்லும். ஆனால் எழுதுகிறது அப்படியில்லை. பீடத்துக்குப் பக்கத்தில் மன்றாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது, கேட்கிறதை எழுதி மடித்துப் போடவேண்டும். முதல் செவ்வாய் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள் 'என் கணவர்' என்று எழுதினாள், அதற்குமேல் கை ஓடவில்லை. பேச வேண்டும் என்று எழுதினால் பொய். பேச வேண்டாம் என்று எழுதினால் சாமியார் பிரித்துப் படித்துவிட்டால்? வெறும் தாளை நாலாய் மடித்துப் போட்டுவிட்டு வந்தாள். பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு வெறுந்தாள். அடி பாவி, புனிதரிடமே வெள்ளைத்தாளை நீட்டுகிறாயே என்று நெஞ்சு குத்தும். அவருக்குப் படிக்கத் தெரியாதா என்ன, எழுதாததையும் படிப்பார், அதுதானே பயமே. பக்கத்தில் கஸ்பார் உம் உம் என்று தொண்டைக்குள் என்னமோ செய்துகொண்டிருந்தார். மன்றாட்டுக்குப் பதில் சொல்கிறாராம். அந்தத் தொண்டையா இது? விடியற்காலையில் மீன் இறங்குகிற இடத்தில் ஏலம் கூறுகிற தொண்டை. சீலா ஒரு கூடை, பாறை ஒரு கூடை என்று அவர் எடுத்துவிட்டால் மூன்று தெரு தள்ளி அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு இன்றைக்கு என்ன மீன் பாடு என்று தெரிந்துபோகும். கல்யாணமான புதிதில் அவளுக்கு அந்தச் சத்தம்தான் கடிகாரம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவருடைய அம்மா சொல்வாளாம், பிழைத்தார், வாயாலேயே ஒரு வீடு கட்டினார், வாயாலேயே எல்லாச் சண்டையும் இழுத்தார்.

அன்றைக்கும் வாய்தான். அதை நினைக்கக்கூடாது, கோயிலுக்குள் வைத்து நினைக்கவே கூடாது, ஆனால் கோயிலுக்குள் வந்தால்தான் அது நினைவுக்கு வருகிறது. தை மாதம், அதுவும் ஒரு செவ்வாய். அப்போது அவள் பிடித்திருந்தது வேறு பதின்மூன்று. ஜெனோவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் பிள்ளையில்லை, அதற்காகப் பிடித்த செவ்வாய்கள், அது பன்னிரண்டாவது. ஒரு வாரம் விட்டால் போச்சு, திரும்ப ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். அன்றைக்கென்று அவர்கள் தெருக்காரர்களின் ஜெபக்குழுவான அன்பியத்துக்குத்தான் கோயிலில் அந்தோனியார் ரொட்டி கொடுக்கிற முறை. நாலே முக்காலுக்குச் சீலை மாற்றிக்கொண்டு நிற்கிறாள், கஸ்பார் பனியனோடு நின்று பல்லைக் குத்திக்கொண்டே, "ஏளா எமரி, பிள்ள வேணும்னா மருமவன லீவு போட்டு வரச் சொல்லு. அவன் பத்து மாசம் கப்பல்ல கெடக்கான், அந்தோனியாரு என்ன செய்வாரு பாவம்" என்றார். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வேறு நாளென்றால் சிரித்திருப்பாள். அன்றைக்கு ஏனோ பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பெற்ற மகளைப் பற்றிப் பேசுகிற பேச்சா, புனிதரைப் பற்றிப் பேசுகிற பேச்சா, இவள் ஒன்று சொல்ல அவர் ஒன்பது சொல்ல, கடைசியில், "அந்த நாக்கு அழுகித்தான் போவும்!" என்று கத்திவிட்டாள். சாபம் போட வேண்டுமென்றா போட்டாள்? வாயில் வந்தது. நாக்குக்கு நரம்பில்லை என்று சும்மாவா சொன்னார்கள். கஸ்பார் ஒருமாதிரி அவளைப் பார்த்தார், சுவரில் ஒரு கை வைத்தார், சரிந்து தரையில் விழுந்தார்.

அவர் விழுகிறது புதிதா? அதைத்தான் யாரிடம் சொல்வது? பெரிய வெள்ளிக்கிழமை பாஸ்கா நாடகத்தில் பதினாறு வருஷம் யூதாஸ் வேஷம் கட்டினவர், நாண்டுகொண்டு சாகிறதில் அவரை மிஞ்ச இந்தக் கரையில் ஆள் கிடையாது. வீட்டிலும் அதே கதைதான். சண்டை தோற்கிற மாதிரி இருந்தால் பொத்தென்று விழுந்து, கண்ணைத் திறந்தபடி கட்டை மாதிரிக் கிடப்பார், அவள் பதறிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்து, தப்பு என்மேலதான் என்று சொன்னபிறகு எழுந்து உட்கார்ந்து சிரிப்பார். ஜெனோ கல்யாணத்துக்குப் பட்டெடுக்கும்போது ஒருதரம், ஓடு மாற்றும்போது ஒருதரம், அவளுடைய அண்ணன் வந்திருந்த அன்று அவன் கண்முன்னாலேயே ஒருதரம். அதனால்தான் அன்றைக்கு அவள், "நடிச்சது போதும், எந்திரிங்க" என்றாள். அவர் வாய் கோணிக்கொண்டு என்னமோ சொன்னது. அந்தக் கோணல்கூட நடிப்பென்றே பட்டது, ஆகா, இன்றைக்குப் புதுசாய் வாயையும் கோணிக்காட்டுகிறாரே என்றுதான் நினைத்தாள். முக்காட்டுத் துணி அந்தப் பக்கத்து ஆணியில் தொங்கியது. சீலையை லேசாய்த் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டினாள். தாண்டும்போது கீழே பார்த்தாள், அவரும் பார்த்தார். கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு வந்து, இதே கோயிலில், அதோ அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று, நூறு பேருக்கு ரொட்டி எடுத்துக் கொடுத்தாள். சிரித்த முகமாய்த்தான் கொடுத்தாள். பாத்திரம் கழுவி, கூடை அடுக்கி, தெரசித்தா மைனியோடு கதை பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகும்போது மணி எட்டரை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும், ஒன்றைத் தவிர. ஆட்டோ, கார், டவுன் ஆஸ்பத்திரி, சிறு வயசு டாக்டர் ஒருவர் கேட்கிறார், "அம்மா, கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?" பின்னால் மகள் ஜெனோ அழுதுகொண்டு நிற்கிறாள், தெரசித்தா மைனி நிற்கிறாள், எமரென்சியா வாயைத் திறந்தால் பொய் அதுவே தயாராய் இருந்தது. "நான் கோயிலுக்குப் போறப்போ நல்லாத்தான் இருந்தாவ. டீ குடிச்சிட்டு இருந்தாவ." டீ எங்கேயிருந்து வந்தது? அன்றைக்கு வீட்டில் பால்கூட இல்லை. டாக்டர் தலையை ஆட்டினார், "விழுந்த உடனே யாராவது பாத்திருந்தா ஊசி போட்டுருக்கலாம், பேச்சையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்றார். யாராவது பார்த்திருந்தால்! அந்த டீ இன்றைக்கு ஊர் முழுக்க ஓடுகிறது. டீ குடித்துக்கொண்டிருந்த மனுஷன் பாருங்க என்று மைனி போகிற வருகிற ஆளிடமெல்லாம் சொல்கிறாள். கேட்கும்போதெல்லாம் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இவள் பேசாமல் நிற்பாள். அடுத்த செவ்வாய், ஜெனோவுக்காகப் பிடித்ததில் பதின்மூன்றாவது. அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாயோடு கிடக்கிறார், இவள் பஸ் பிடித்து நாற்பது கிலோமீட்டர் வந்து, முழந்தாளிட்டு, எண்ணிக்கையை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். என்ன விசுவாசம், என்ன விசுவாசம் என்று ஊர் மாய்ந்துபோயிற்று. விசுவாசமாவது! விட மனசில்லை. அவ்வளவு கொடுத்தபிறகு பாதியில் விட்டால் அவரைத் தாண்டினதுக்கு என்ன அர்த்தம்? அடுத்த மாதமே மருமகன் லீவில் வந்தான், அதற்கடுத்த மாதம் ஜெனோ போனில் அழுதுகொண்டே, "யம்மா, தங்கிருக்கு" என்றாள். எமரென்சியா போனைப் பிடித்தபடி வீட்டிலிருந்த அந்தோனியார் சுரூபத்தைப் பார்த்தாள். ஒரு கையில் குழந்தை இயேசு, ஒரு கையில் லீலி மலர். கொடுத்துவிட்டார். ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொண்டாரா? அப்படிப்பட்டவரா அவர்? அப்படியில்லை என்று சாமியார் சொல்வார், புனிதர்கள் மாற்றுக்கு மாற்று வாங்குகிறவர்கள் இல்லை என்பார். சாமியாருக்கென்ன, அவர் யாரைத் தாண்டினார்?

பிரசங்கம். உட்கார்ந்தார்கள். சாமியார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு நம் கஸ்பார் அண்ணாச்சிக்காக விசேஷமாக ஜெபிக்கிறோம், அதனால் புனிதரின் நாவைப் பற்றிச் சொல்கிறேன் என்றார். நாவையா? எத்தனையோ இருக்கிறதே சொல்வதற்கு! லிஸ்பனில் பிறந்தபோது அவர் பெயர் பெர்னாந்து, அதைச் சொல்லலாம், நம்ம ஆளுதாம்ளா என்று கஸ்பார் ஒவ்வொரு திருவிழாவிலும் நெஞ்சைத் தட்டிக்கொள்வார், இவரும் பர்னாந்து இல்லையா. மனுஷர் கேட்க மாட்டோம் என்றதும் கடற்கரைக்குப் போய் மீன்களுக்குப் பிரசங்கம் வைத்தாரே, அதைச் சொல்லலாம். அத்தனை மீனும் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது ஒருத்தன்கூடவா வலை வீசவில்லை, என்ன ஊருளா அது என்று கஸ்பார் கேட்பார். எதை எடுத்தாலும் கஸ்பார்தான் வருகிறார், அவர் பேசின பேச்செல்லாம் அவள் மண்டைக்குள் உயிரோடு இருக்கிறது, பக்கத்தில் ஆள் வாயில்லாமல் இருக்கிறார். "முப்பத்தாறு வயசில் இறந்தார்," என்று சாமியார் சொல்லிக்கொண்டிருந்தார், "முப்பத்திரண்டு வருஷம் கழித்துக் கல்லறையைத் திறந்து பார்த்தால் உடம்பெல்லாம் மண். நாக்கு மட்டும் சிவப்பாய், ஈரமாய், அழுகாமல் இருந்தது." அழுகாமல். அந்த ஒரு வார்த்தையில் அவள் மனசு சீலைத் தலைப்பு ஆணியில் மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டது. அழுகாத நாக்கு, அழுகிப்போகும் என்று இவள் சொன்ன நாக்கு. புனிதர் சந்நிதிக்குப் புறப்படுகிற நேரத்தில், அவர் பெயரால் நடந்த சண்டையில், போயும் போயும் நாக்கையா சபிக்கவேண்டும்? காலை உடைத்துக்கொள்வீர்கள் என்று சொல்லியிருக்கக் கூடாதா?

கால். கால் என்றதும் அந்த இன்னொரு கதை வந்துவிட்டது. வராதே என்றால் போகுமா? பெற்ற தாயை எட்டி உதைத்த ஒருத்தன் அந்தோனியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தான். தாயை உதைக்கிற கால் இருந்தென்ன வெட்டினாலென்ன என்று அவர் ஒரு கோபத்தில் சொன்னார். அவன் நேரே வீட்டுக்குப் போய் மெய்யாகவே காலை வெட்டிக்கொண்டான். பிறகு அவர் ஓடிவந்து ஒட்டவைத்தார். ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு அவளே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள், ஒட்டவைத்தார் என்கிற இடத்தில் பிள்ளைகள் கைதட்டும். தாண்டின காலுக்கு என்ன? அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை. ஆனால் மற்றொன்று இருக்கிறது, அதை நினைத்தால்தான் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வரும். ஓர் ஊரில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவருக்கு, அதே நேரத்தில் மடத்தில் தான் வாசகம் வாசிக்கவேண்டிய முறை என்று திடீரென்று ஞாபகம் வந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையிலேயே பேசாமல் நின்றார். அந்நேரம் மடத்தில் சகோதரர்கள் நடுவில் எழுந்து நின்று வாசித்தார், முடித்துவிட்டு இங்கே விட்ட இடத்திலிருந்து பிரசங்கத்தைத் தொடர்ந்தார். இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் நிற்கத் தெரிந்த மனுஷர்! அன்றைக்கு எனக்காக அந்த ரொட்டிக் கூடைப் பக்கத்தில் நீர் நின்றிருக்கக் கூடாதா? எமரி, நீ வீட்டுக்குப் போ, உன் முறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பீர்? செவ்வாய்க் கணக்கைத் தவறவிட்டால் அவர் கோபிப்பார் என்று யார் எனக்குச் சொன்னது? அம்மா சொன்னாள், மைனி சொன்னாள், ஊர் சொன்னது. அவர் சொன்னாரா? அவர் சொல்லவேயில்லை. நானாக எண்ணிக்கொண்டேன், நானாகத் தாண்டினேன்.

ஜெனோ அவள் கையைத் தொட்டாள். "யம்மா, அழாதீய. இன்னைக்கு அப்பா பேசிருவாவ பாருங்க." இந்தப் பிள்ளைக்கு அப்பா என்றால் உயிர். சின்ன வயசில் ஏலம் கூறுகிற இடத்தில் அவர் தோளில் உட்கார்ந்துகொண்டு அவரோடு சேர்ந்து கத்தின பிள்ளை. பிரசவத்துக்கென்று வந்தவள், வந்த நாள் முதல் அப்பாவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பேச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் காட்டின மாதிரி, அ சொல்லுங்க, ஆ சொல்லுங்க, உதட்ட மூடி ம் சொல்லுங்க என்று பிராணனை விடுகிறாள். மூன்று வாரமாய்ச் சத்தம் உருப்படியாய் வருகிறது. போன வியாழக்கிழமை, எமரென்சியா சோறு பிசைந்து ஊட்டப் போகும்போது, அவர் அவளையே பார்த்து, தொண்டையைக் கனைத்து, நெற்றி நரம்பு புடைக்க என்னமோ சொல்ல வந்தார். சோற்றுத் தட்டு கைதவறி விழுந்துவிட்டது. "பாத்தியளா, உங்க பேரச் சொல்ல வாராவ!" என்று ஜெனோ கைகொட்டினாள். என் பேருக்குப் பிறகு என்ன சொல்வார்? எமரி என்னைத் தாண்டிப் போனாள். எமரி நான் கூப்பிட்டும் போனாள். அல்லது ஒன்றுமே இல்லையா, எமரி தண்ணீர் கொடு என்பதுதானா? சிலருக்கு விழுந்த நேரமே நினைவில் இருக்காது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அவருக்கு இருக்கிறதா? எட்டு மாதமாய் அவர் கண்ணைப் படிக்கப் பார்க்கிறாள். குளிப்பாட்டும்போது பார்க்கிறாள், சவரம் செய்யும்போது பார்க்கிறாள், அவர் கைவைத்துச் சரிந்த அந்தச் சுவர்ப் பக்கம் நாற்காலியைத் தள்ளும்போது முகம் மாறுகிறதா என்று பார்க்கிறாள். சிலநாள் எல்லாம் தெரிந்த கண். சிலநாள் மீன்கண். கேட்டுவிடலாம்தானே? உங்களுக்கு ஞாபகம் இருக்கா, ஆமான்னா கண்ண மூடுங்க, அவ்வளவுதான். கேட்கத் துணிச்சல் வேண்டாமா? ஒருதரம் தெரியாத ஊரில் தெரியாத சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கே போய் நின்றாள், முறை வந்ததும், ரெண்டு ஞாயிறு பூசைக்கு வரல சாமி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். மன்னிப்புக்குப் போன இடத்திலும் டீ.

பூசை பாதி போனது அவளுக்குத் தெரியவே இல்லை, நற்கருணை நன்மை வாங்க வரிசை போனது, பாவத்தோடு வாங்கக் கூடாதென்று அவள் எழுந்திருக்கவில்லை, முழங்கால் வலி என்று ஜெனோவிடம் முனகினாள். எட்டு மாதமாய் அவளுக்குச் செவ்வாய்தோறும் முழங்கால் வலி. பூசை முடிந்து, இப்போது சாமியார் திருப்பண்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். வெள்ளிச் சட்டத்துக்குள் கண்ணாடி, கண்ணாடிக்குள் புனிதரின் எலும்புத் துணுக்கு, ஒரு பச்சரிசி அளவு. வழக்கமாய் மக்கள் வரிசையாய்ப் போய் அதில் உதட்டை வைத்து முத்தி செய்வார்கள், இன்றைக்கு அவர் கஸ்பாரிடம் முதலில் வருகிறார். பின்னால் உபதேசியார் மைக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறார், பேச்சு வந்தால் எல்லாருக்கும் கேட்க வேண்டுமாம். வேண்டாம் அந்தோனியாரே. இல்லை, வேண்டும். இல்லை, இன்றைக்கு வேண்டாம், பிரசவம் முடியட்டும், பிள்ளை பிறந்தபிறகு, அவள் மனசு தாங்காது, ஏழு மாதம், வயிற்றில் இருப்பதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆகா, எப்படி ஓடி ஒளிகிறாய் பார், இப்போது பிறக்காத பிள்ளைக்குப் பின்னாலும் போய் ஒளிகிறாய். பிள்ளை பிறந்தபிறகு ஞானஸ்நானம் முடியட்டும் என்பாய், அப்புறம் பல் முளைக்கட்டும் என்பாய். அந்த மனுஷன் அதுவரை வாயில்லாமல் கிடக்க வேண்டும், உன் மானத்துக்காக. அவள் நெஞ்சு தட்டுகிற சத்தம் மைக்கில் கேட்டுவிடுமோ என்று முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

சாமியார் திருப்பண்டத்தைக் கஸ்பாரின் உதட்டுக்கு நேரே நீட்டினார். கஸ்பார் அதைப் பார்த்தார். உதட்டைத் திறக்கவில்லை. நல்லாயிருந்த இடதுகையை மெல்லத் தூக்கி, சாமியாரின் மணிக்கட்டைப் பிடித்தார், பிடித்து, அப்படியே பக்கத்தில் திருப்பி, எமரென்சியாவின் வாய்க்கு நேரே கொண்டுவந்தார். அவளை முதலில் முத்தி செய்யச் சைகை காட்டினார்.

"பாருங்களேன்!" என்று தெரசித்தா மைனி பின்னாலிருந்து விம்மினாள். "இந்த நெலமையிலயும் பொண்டாட்டிக்குத்தான் முதல்ல! எத்தனை பேருக்குக் கெடைக்கும் இப்படி ஒரு மாப்பிள்ள?" பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வரிசை வரிசையாய்ப் பின்னால் போயிற்று. சாமியாருக்கே கண் கலங்கிவிட்டது. "முத்தி செய்யுங்கம்மா" என்றார். ஜெனோ அவள் தோளை அணைத்துக்கொண்டாள். எமரென்சியா கஸ்பாரின் கண்ணைப் பார்த்தாள். எப்போதும் திருவிழாவில் கூட்டத்தை விலக்கி அவளைத்தான் முன்னால் தள்ளிவிடுவார், நீ போளா முதல்ல என்பார், அந்தப் பழக்கம்தானா இது? இல்லை, முதலில் உன் வாய் திறக்கட்டும் என்கிறாரா? பார்த்தாள், பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவரின் கண் அது, அதில் அன்பா கோபமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பழக்கமாகவே இருக்கட்டும். பழக்கமென்றால் இன்னும் மோசம். ஒன்றும் ஞாபகமில்லாமல், தாண்டிப் போனவளை முன்னால் தள்ளிவிடுகிறார், ஊர் அழுகிறது, இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? கண்ணாடி அவள் உதட்டில் பட்டது, குளிர்ந்திருந்தது. இதற்குமேல் அவளால் முடியவில்லை.

"சாமி," என்றாள். "அன்னைக்கு அவிய விழும்போது நான் வீட்லதான் இருந்தேன்."

உபதேசியாரின் மைக் பக்கத்திலேயே இருந்தது. அவள் சாதாரணமாய்ச் சொன்னது கோயில் முழுக்கக் கேட்டது. சாமியார் சிரித்த முகம் மாறாமல், "சரிம்மா, சரிம்மா, பிறகு பேசலாம்" என்றார்.

"இல்ல சாமி. டீயெல்லாம் பொய். என் கண்ணு முன்னாலதான் விழுந்தாவ. நடிக்காவன்னு நெனைச்சேன். செவ்வா தப்பிரக் கூடாதுன்னு தாண்டிக்கிட்டு வந்துட்டேன். இங்க வந்து ரொட்டி கொடுத்தேன். மூணேமுக்கா மணிநேரம் அவிய தரையில கெடந்தாவ."

எழவு, எவ்வளவு சின்னதாய் இருக்கிறது சொல்லும்போது! எட்டு மாதம் இதைத் தூக்கிக்கொண்டா நடந்தாள்? பின்னால் யாரோ "மாதாவே" என்றார்கள். பிறகு கசமுசவென்று கிளம்பியது. உபதேசியார் மைக்கை அணைக்கத் தெரியாமல் அணைத்தார். ஜெனோவின் கை தோளில் இருந்தது, இருந்தது, பிறகு இல்லை. "யம்மா?" என்றாள் ஜெனோ. "யம்மா, நீங்க டாக்டர்கிட்ட…" வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். தெரசித்தா மைனி அவளிடம் ஓடினாள், எமரென்சியாவைத் தாண்டித்தான் ஓடினாள், ஏறிட்டுப் பார்க்கவில்லை. மகள் பக்கம் போகவேண்டும் என்று எமரென்சியாவின் உடம்பு துடித்தது, போனால் மகள் தள்ளிவிடுவாள் என்றும் தெரிந்தது. இனி அந்தப் பிள்ளையைத் தூக்க இவளை விடுவாளோ என்னமோ. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, நாளைக்கு மீன் வாங்கப் போகிற இடத்தில் என்னென்ன கேட்கவேண்டுமோ. பயந்ததெல்லாம் வந்தேவிட்டது, ஒன்று பாக்கியில்லாமல்.

கஸ்பாரின் நெற்றி நரம்பு புடைத்தது. அவர் சாமியாரின் கையை விட்டுவிட்டு இவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். தொண்டைக்குள் என்னமோ ஏறிக்கொண்டு வந்தது, உதடு ஒருபக்கமாய் நெளிந்தது, எச்சில் வழிந்தது. திட்டவா, காறித் துப்பவா, போளா என்று சொல்லவா? எட்டு மாதத்தில் முதல் தடவையாய், அவர் பேச வரும்போது எமரென்சியா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கைக்குட்டையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, தரையில் முழந்தாளிட்டு, தன் காதை அவர் வாயோடு ஒட்ட வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க," என்றாள்.